துணியில் ஒளிர்ந்தது

அக்டோபர் 14, மதுரை

அரும்புவின் மலம் என்ன நிறம் என்று இன்றைக்கு டாக்டர் ஹசீனா கேட்டார். பிள்ளை பிறந்ததிலிருந்து என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். எடை, தூக்கம், பால் குடிக்கிறாளா, யார் ஜாடை. இதை யாரும் கேட்டதில்லை.

அவர் அறைச் சுவரில் பெயின்ட் கடை அட்டை மாதிரி ஒன்று மாட்டியிருக்கிறது. கரும்பச்சையில் தொடங்கிச் சுண்ணாம்பு வெள்ளை வரைக்கும் கட்டங்கள்.

"இதுல எது மாதிரி?"

"இதுக்கும் இதுக்கும் நடுவுல, டாக்டர்."

"நடுவுல கட்டம் இல்லம்மா. ஒண்ணைத் தொடுங்க."

கடைசிக்கு முந்தியதைத் தொட்டேன். பக்கத்தில் நின்ற இவர் என் விரலைப் பிடித்துக் கடைசிக் கட்டத்துக்கு நகர்த்தினார்.

திருநெல்வேலியில் பார்த்த டாக்டர் 'காமாலை இன்னும் இறங்கவில்லை' என்று சொல்லித்தான் இங்கே அனுப்பினார். பச்சைப்பயறு மாவில் கஸ்தூரி மஞ்சள் கலந்து குளிப்பாட்டுகிற வீட்டில் பிள்ளை மஞ்சளாக இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? எல்லாரும் நல்ல நிறம் என்றார்கள்.

டாக்டர் ஒரு சீட்டின் பின்பக்கம் கல்லீரலையும் குடலையும் வரைந்து, நடுவில் ஒரு கோடு போட்டார். பித்தம் இறங்குகிற குழாய்; மலத்துக்கு நிறமே அந்தப் பித்தத்தால்தானாம். சில குழந்தைகளுக்கு அது அடைபட்டுப் போகுமாம், அல்லது இல்லாமலே போகுமாம். அப்படியானால் அறுவை சிகிச்சை. அதையும் பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆவதற்குள் செய்தால்தான் நல்லது. தாமதித்தால் கல்லீரலே கெட்டுவிடும். குழாய் இருந்தால் மருந்து போதும்.

இவளுக்கு இரண்டு மாதம் ஆக அதிக நாள் இல்லை.

அக்டோபர் 15

குழாய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாயம் போடுவார்களாம். பச்சைத் தூள், தண்ணீரில் கரைத்து நரம்பில் ஊசி. அந்தச் சாயம் ஒரு வெளிச்சத்தில் மின்னுமாம். அந்த மினுக்கம் நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத்தான் தெரியும்.

"டார்ச் மேல விரலை வச்சுப் பாத்திருக்கீங்களா?" என்றார் டாக்டர். "சிவப்பு மட்டும்தான் வெளிய வரும். மத்த நிறத்தையெல்லாம் ரத்தமும் சதையும் குடிச்சிரும். சிவப்புக்கு அந்தாண்ட நமக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு இருக்கு. அது சதைக்குள்ள இன்னும் சுலபமா போய்ட்டு வரும். அதுலதான் இந்தச் சாயம் வேலை செய்யுது."

"சாயம் உள்ள போய் எங்க தங்கும் டாக்டர்?"

"தங்காது. ரத்தத்துல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கும். கல்லீரல் அதைப் பிடிச்சுப் பித்தத்தோட தள்ளிரும். சிறுநீர்ல வராது. வேற வழியே கிடையாது அதுக்கு."

"அப்ப துணியில மின்னுச்சுன்னா குழாய் இருக்குன்னு அர்த்தம்."

"அவ்வளவுதான். நீங்க என்ன படிச்சீங்க?"

"பி.எஸ்சி. தாவரவியல்."

"அதான்," என்று சிரித்தார்.

மின்னாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, கரைத்த சாயம் கெட்டுப்போகுமா என்று கேட்டேன். போகுமாம். வெளிச்சம் பட்டாலும் வீரியம் குறையுமாம். எத்தனை வயதினருக்குப் போடலாம், எத்தனை வருடமாக இருக்கிறது என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தேன். இவர் என் முதுகில் மெல்லத் தட்டி வெளியே கூட்டிவந்துவிட்டார்.

அறைக்கு வந்து அரும்புவின் உள்ளங்கைக்கு அடியில் போன் டார்ச்சைப் பிடித்தேன். கை முழுக்கச் செம்பருத்தி நிறம். எலும்பு தெரியவில்லை. எலும்பையும் தாண்டி வெளிச்சம் வந்துவிடுகிறது.

அக்டோபர் 16

இவருக்குக் கயத்தாறில் காற்றாலைப் பராமரிப்பு வேலை. லீவு முடிந்து கிளம்பினார். எனக்குத் துணையாக மதினி வந்துவிட்டார்கள். மதினி என்றால் இவருடைய அக்கா முத்துக்கனி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூறு பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்த குரல். வந்ததும் வார்டே நிமிர்ந்து பார்த்தது.

சாயங்காலம் ஊசி போட்டார்கள். கடையில் விற்கிற டயப்பர் அரும்புவுக்குத் தடிப்பு உண்டாக்குவதால் வெள்ளைத் துணிதான் கட்டுகிறோம். இனிமேல் வருகிற துணியை அலசாமல், வெளிச்சம் படாமல், கறுப்புக் கவரில் போட்டுத் தரவேண்டும் என்றார் சிஸ்டர்.

"பீத்துணியக் கட்டி வச்சுக் காப்பாத்தணுமாக்கும்! நல்லாருக்குட்டி ஒங்க வைத்தியம்," என்றார் மதினி.

"வேற எதுவும் மருந்து கொடுக்கிறீங்களா?" என்று சிஸ்டர் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன்.

கேன்டீனில் மதினி உப்பில்லாமல் மோர்ச்சோறு கேட்டு வாங்கினார். ஊறுகாயைத் தொடவில்லை. பிரஷர் இருக்கிறதா மதினி என்று கேட்டேன். "ஆமா, லேசா," என்றார். பாவம், அவருக்கும் உடம்பு சரியில்லாத நேரத்தில் அலைய வைக்கிறேன்.

அக்டோபர் 17

போகவில்லை. வார்டில் எல்லாரும் விசாரிக்கிறார்கள், பரீட்சை முடிவு கேட்பது போல.

அக்டோபர் 18

போனாள்!

மதினி "ஏட்டி கோமதி!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் பிள்ளை அழுதுவிட்டது. துணியைக் கறுப்புக் கவரில் போட்டு, நானே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கேமரா ஒரு சின்ன இருட்டறையில் இருக்கிறது. சோதனைக் கட்டத்தில் இருப்பதாம், இன்னும் பல ஆஸ்பத்திரிகளுக்குப் போகவில்லை. துணியை விரித்தார்கள். வெள்ளை. ஒரு ஓரத்தில் மட்டும் பச்சையாக லேசான தடம்.

விளக்கை அணைத்தார்கள். திரை முதலில் கறுப்பாக இருந்தது. பிறகு அந்தத் தடம் இருந்த ஓரத்தில் மேகம் மாதிரி ஒன்று, பால் சிந்திய இடத்தைத் துடைத்தது போல. மங்கல்தான். ஆனால் இருந்தது.

"தெரியுதா?" என்றார் டாக்டர்.

"தெரியுது."

"நான் இவ்வளவு மங்கலா எதிர்பாக்கல. ஆனா பச்சையும் தட்டுது. பித்தம் கொஞ்சமாவது இறங்குற மாதிரி இருக்கு. அவசரப்பட்டுக் கத்தி வைக்க வேண்டாம். மருந்து தரேன், அடுத்த வாரம் ரத்தம் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

இவருக்குப் போன் போட்டேன். காற்றாலைக் கோபுரத்தின் மேலே இருந்தார். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது, நெடுநேரம். அது காற்றுதானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபர் 19, திருநெல்வேலி

வீடு. இவர் அல்வா வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார். மதினி மட்டும் வாயில் வைக்கவில்லை.

அக்டோபர் 21

மழை. துணி காயவில்லை. இஸ்திரிப்பெட்டியால் காய வைக்கிறேன்.

டி.வி. ரிமோட்டைப் போன் கேமராவுக்கு நேரே பிடித்து அமுக்கினால் நுனியில் ஊதாவாக ஒரு பொட்டு மின்னுகிறது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. இத்தனை வருடமாக நம் கூடத்தில் இந்த வெளிச்சம் பறந்துகொண்டிருந்திருக்கிறது. அரும்புவுக்குக் காட்டினேன். கொட்டாவி விட்டாள்.

இன்றைக்கும் வெள்ளையாகத்தான் போகிறாள். மருந்து வேலை செய்ய நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்ணின் வெள்ளை போன வாரத்தைவிட மஞ்சளாக இருக்கிறதா? குழல்விளக்கு வெளிச்சம் அப்படிக் காட்டலாம். ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். மழை நாள் வெளிச்சமும் சரியில்லை.

அக்டோபர் 22

காலையில் குப்பை கொட்டப் பின்பக்கம் போனேன். மதினி காம்பவுண்டுச் சுவரோரம் குனிந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார். மழைக்கு முளைத்த செடி. இலைக்கு அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் காய்கள். கல்லூரியில் இதை நானே அழுத்திக் காயவைத்து அட்டையில் ஒட்டியிருக்கிறேன். கீழாநெல்லி.

"யாருக்கு மதினி?"

அவர் நிமிரவில்லை.

"யாருக்குன்னு கேக்கேன்."

"மஞ்சக்காமாலைக்கு இத விட்டா வேற என்னட்டி மருந்து? எட்டாப்பு படிக்கும்போது எனக்கு வந்துச்சு. கண்ணெல்லாம் மஞ்சளு. எங்கம்மா இதத்தான் அரச்சுக் கொடுத்தா. இப்பம் குத்துக்கல்லு மாதிரி நிக்கேன்லா."

"எப்பம் இருந்து கொடுக்கீங்க?"

"மதுரக்கி வந்த அன்னைல இருந்து. நீ பீச்சி வச்ச பால்ல ரெண்டு சொட்டு, நீ குளிக்கப் போற நேரம். அங்கயும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல மொளச்சுக் கெடந்துச்சு."

"என்கிட்டச் சொல்லலயே."

"சொன்னா விடுவியா? நீ படிச்சவ. புள்ளைக்கு மருந்து கொடுத்தா பெத்தவ பத்தியம் இருக்கணும். ஒனக்குத் தெரியாமக் கொடுத்ததுனால நான் இருக்கேன். உப்பு, புளி, இனிப்பு ஒண்ணும் தொடல."

எனக்காக ஒருவர் ஒரு வாரமாக உப்பில்லாமல் தின்றிருக்கிறார். "இனிமே வேண்டாம் மதினி, பச்சப்புள்ள வயிறு," என்று மட்டும் சொன்னேன். பிடுங்கியதைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி உள்ளே போய்விட்டார்.

எனக்கும் வேலை இருந்தது. துவைத்தேன், ரசம் வைத்தேன். மத்தியானம் தட்டில் சோறு போடும்போதுதான் துணி ஓரத்துப் பச்சைத் தடம் ஞாபகம் வந்தது.

அக்டோபர் 23

இரண்டாம் ஆண்டு செய்முறை வகுப்பு. இலையை அரைத்து ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் நல்ல பச்சைச் சாறு கிடைக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பச்சை. வெளிச்சம் விழுகிற பக்கமாக நின்று பார்த்தால் சிவப்பு. இலைப்பச்சையும் ஒளிரும். அன்றைக்கு மதிப்பெண்ணுக்காக எழுதிவைத்ததோடு சரி.

மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கினேன். கீழாநெல்லியைச் சின்ன உரலில் இடித்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். இவரைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.

"பாருங்க."

"பச்சத் தண்ணி."

போன் டார்ச்சை மேலிருந்து அடித்தேன். "இப்பம் இந்தப் பக்கமா நின்னு பாருங்க."

"ஏ, ரத்தம் மாதிரில்லா இருக்கு!" என்றார். விஷயம் புரியும்வரை சின்னப் பையனைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். மதினி கொடுத்ததைச் சொன்னேன். துணியில் பார்த்த தடத்தைச் சொன்னேன்.

"அப்பம் அன்னைக்கு மின்னுனது சாயம் இல்ல, எலைங்கியா?"

"தெரியல. சாயம் மின்னுறது வேற வெளிச்சம், இது வேற. ஆனா அந்தக் கேமராவுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுமோ என்னவோ. அதத்தான் டாக்டர்கிட்டக் கேக்கணும்."

"கேக்காத."

"ஏன்?"

"கேமரா பாத்துச்சு, டாக்டர் பாத்தாங்க, நீயும் பாத்த. வராது வராதுன்னு இருந்து ஒரு நல்ல சேதி வந்திருக்கு. அத நாமளே கொண்டுபோய்க் கெடுக்கணுமா கோமதி? எம்புள்ள வயித்த அறுங்கன்னு நாமளே போய்ச் சொல்லணுமா?"

"எலையா இருந்தா, நாள் போய்க்கிட்டே இருக்கே."

"எலையா இல்லன்னா?"

இப்படிக் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அரும்புவுக்குப் பால் கொடுத்தேன். குடிக்கும்போது என் விரல் ஒன்றைப் பிடித்துக்கொள்வாள், இப்போது பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அல்லது தூக்கமாக இருக்கலாம்.

அவர் இறங்கி வந்து கதவோரம் நின்றார். "மதுரைக்கு முத பஸ் எத்தன மணிக்கு?" என்றார்.

அக்டோபர் 24, மதுரை

டிபன் பாக்ஸில் ஈரத்துணி சுற்றிக் கீழாநெல்லி. பஸ்ஸில் மதினி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கோவில்பட்டி தாண்டியபிறகு மெதுவாகக் கேட்டார்: "போலீஸ்ல கீலீஸ்ல சொல்லிருவாங்களாட்டி?"

டாக்டர் ஹசீனா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மறுத்தும் பேசவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. "இந்தக் கேமராவுக்கு இலைப்பச்சை தெரியக் கூடாது. தெரியாதுன்னுதான் நினைச்சிட்டிருக்கோம். வாங்க, பாத்துருவோம்," என்று எழுந்தார்.

புதுத் துணி. அதில் வெறும் பால் ஒரு பக்கம், இலைச்சாறு கலந்த பால் ஒரு பக்கம். எந்தப் பக்கம் எது என்று தனக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் வெளியே போய் நின்றுகொண்டார். மதினிதான் சொட்டு விட்டார். இலைச்சாற்றுப் பாலில் ஒரு சொட்டு தவறி மேசையில் விழுந்தது.

டாக்டர் உள்ளே வந்ததும் விளக்கு அணைந்தது. துணியின் இடது பக்கம் கறுப்பு. இலைச்சாறு விட்ட வலது பக்கம் அதே மேகம். அதே மங்கல். மேசையில் விழுந்த சொட்டும் தெரிந்தது.

டாக்டர் விளக்கைப் போட்டுத் துணியையும் மேசையையும் பார்த்தார். பிறகு, "நம்ம விளக்குல கொஞ்சம் சிவப்பும் கசியுது போல. அதைக் குடிச்சு இலை ஒளிருது. அந்த ஒளியோட வால் சிவப்பைத் தாண்டி நீண்டு கேமராவுக்குள்ள வந்துருது," என்றார். "உங்களுக்கு ஏன் இது தோணுச்சு?"

"துணி வெள்ளையா இருந்துச்சு டாக்டர். பித்தம் இறங்குனா ஏன் வெள்ளையா இருக்கணும்னு."

அது பாதி உண்மை. வெள்ளையாக இருந்தது எனக்கு முதல் நாளே தெரியும்.

மதினி முன்னால் வந்தார். "நாந்தான் கொடுத்தேன். ஏசுறதுன்னா என்ன ஏசுங்க. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"யாரையும் ஏசலம்மா. வேற மருந்து உண்டான்னு நாங்க அம்மாகிட்ட மட்டும் கேட்டோம். குழந்தையை யார் யார் தூக்குறாங்களோ அவங்க எல்லார்கிட்டயும் கேட்டிருக்கணும்."

இலையெல்லாம் வயிற்றைவிட்டுப் போகட்டும் என்று ஒரு நாள் விட்டு, மறுபடி சாயம். இந்தத் தடவை தாய்ப்பாலும் டாக்டர் எழுதிய மருந்தும் மட்டும்.

அக்டோபர் 27

திரை கறுப்பு. துணியைத் திருப்பிப் போட்டும் பார்த்தார்கள். கறுப்பு.

நான் சொன்னது சரியாகிவிட்டது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மதினி கேட்டதற்கு ஜலதோஷம் என்றேன். இங்கேயும் அப்படியே எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 29

காலையில் கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசலில் சிஸ்டர் கை நீட்டியபோது நான் கொடுத்துவிட்டேன். கொடுத்தபிறகும் என் கை அப்படியே வளைந்திருந்தது. இவர்தான் அதைப் பிடித்து இறக்கிவிட்டார்.

மூன்று பேரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மதினி இடையில் ஒருதரம், "அந்தப் பாழாப்போன எல அன்னைக்கு மின்னாம இருந்திருந்தா இது போன வாரமே முடிஞ்சிருக்கும்லா?" என்றார். இவர் சொன்னார்: "இவ டம்ளரத் தூக்கிட்டு வரலன்னா அடுத்த மாசமும் முடிஞ்சிருக்காதுக்கா."

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். முகமூடி பதிந்த கோடு கன்னத்தில் இருந்தது. குழாய் இல்லை, இருந்த இடத்தில் நார் மாதிரி ஒன்றுதான் இருந்தது என்றார். அதை எடுத்துவிட்டுக் குடலையே மேலே கொண்டுவந்து கல்லீரலோடு தைத்திருக்கிறார்.

உள்ளேயும் அந்தக் கேமராவை வைத்துத்தான் வெட்டினாராம். போனில் ஒரு படம் காட்டினார். கல்லீரல் முழுக்க நிலா மாதிரி வெள்ளை. கீழே குடல் கும்மிருட்டு. அடுத்த படத்தில், நாரை வெட்டிய இடத்தில், ஊசி முனையளவு இரண்டு மூன்று புள்ளிகள் ஒளிர்ந்தன.

"இது என்ன டாக்டர்?"

"கசிவு. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்க்கால் இன்னும் அங்க உயிரோட இருக்கு. எந்த இடம் வரைக்கும் வெட்டணும், எங்க தைக்கணும்னு இதுதான் காட்டுச்சு."

"சாயம் மட்டும்தானே?"

"சாயம் மட்டும்தான்." அவர் சிரிக்கவில்லை. "இன்னைக்குக் கசியுது. தொடர்ந்து இறங்குதான்னு போகப் போகத்தான் தெரியும். சில குழந்தைங்களுக்கு நின்னுரும். பின்னாடி வேற கல்லீரலே வைக்க வேண்டி வரலாம். இப்பவே சொல்லிடறேன்."

சரி என்றேன். அந்தப் புள்ளிகளை இன்னொரு தடவை காட்டச் சொன்னேன்.

நவம்பர் 3

போனாள். மஞ்சள், கொஞ்சம் பச்சை கலந்து. சுவர் அட்டையில் மேலிருந்து மூன்றாவது கட்டம். நடுவில் இல்லை, சரியாக அந்தக் கட்டம். இலை எதுவும் இல்லை.

நவம்பர் 11

நாளைக்கு வீட்டுக்கு. ரத்தத்தில் மஞ்சள் இறங்கத் தொடங்கியிருக்கிறது. முழுக்க இறங்குமா என்பது தெரிய மாதங்கள் ஆகும் என்றார் டாக்டர். ஒவ்வொரு துணியையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் அலசுகிறேன். இது எனக்கு எத்தனை வருடப் பழக்கமாகப் போகிறதோ.

மத்தியானம் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு குடும்பம் வந்தது. அரும்பு மாதிரியே ஒரு பிள்ளை, அதே கண். அம்மா ரொம்பச் சின்னப்பெண். சாயம் போடும் முன் சிஸ்டர் கேள்விகளைக் கேட்டார். இப்போது பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது.

"இலைச்சாறு, கசாயம், நாட்டு மருந்து எதுனாச்சும் கொடுத்தீங்களா? வீட்ல யாராச்சும்?"

"இல்ல சிஸ்டர்," என்றாள் அந்தப் பெண். "இல்ல," என்றான் புருஷன். பின்னால் பெஞ்சில் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியார், கேள்வி தனக்கில்லை என்பது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் என் மதினியைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். "இவளப் பிடி," என்று அரும்புவை என் மடியில் போட்டுவிட்டு, அந்த மாமியாருக்குப் பக்கத்தில் போய் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எந்தூரு ஒங்களுக்கு?"

"சாத்தூரு."

"சாத்தூர்ல இப்பம் நல்ல மழையோ?"

"பரவால்ல, பெய்யுது."

"அங்க கீழாநெல்லி எங்க கெடைக்கு?"

"கம்மாய்க் கரையிலதான்..." என்ற அந்தம்மா சட்டென்று நிறுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மதினி அவர் கையைப் பிடித்தார். "வாங்க, சிஸ்டரு அந்தக் கடைசி ரூமுல இருக்காவ. நானும் கூட வாரேன்."